எடுத்த சீட்டைக் கீழே வைப்பது

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு என் போன் அடித்தது. மணி எனக்கு நிச்சயமாகத் தெரியும். ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனைக்கு மகளுடைய காலேஜ் பஸ் வருகிற நேரம் அது. அவள் ஆறு ஐம்பதுக்கே சாப்பாட்டு டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிப் போயிருந்தாள். நான் வேலைக்குப் புறப்பட சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். பேசியவர் அந்த பஸ்ஸின் டிரைவர்.

"எக்கா, பாப்பாவுக்கு இன்னும் காய்ச்சல் விடலியா? ஒம்பது நாளா வரலியே."

விடவில்லை என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மகள் என்ன பொய் சொல்லியிருந்தாளோ, அதற்கு நானும் ஒரு வரி சேர்த்துவிட்டேன். சேலை ஊக்கு விரலில் ஏறியிருந்ததைப் போனை வைத்த பிறகு ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இதெல்லாம் நடந்து நாலு மாதம் ஆகிறது. இன்னமும் ஏழு பத்து வாக்கில் யார் கூப்பிட்டாலும் அந்த டிரைவரோ என்றுதான் எடுக்கிறேன்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மதுரை போகிற பஸ்ஸில் ஏறி கிருஷ்ணன்கோவிலில் இறங்கினேன். காலேஜில் அவளுடைய வகுப்பு ஆசிரியை என்னை உட்காரவைத்துப் பேசினாள். என் மகளைவிட ஆறேழு வயதுதான் கூடுதலாக இருக்கும். இப்போதே வருகைப் பதிவு குறைந்துவிட்டது. அடுத்த திங்களையும் விட்டு அதற்கடுத்த திங்கள் முதலாவது ஒருநாள் விடாமல் வந்தால் துறைத் தலைவரிடம் பேசித் தேர்வு எழுதவைக்கலாம். அதையும் தாண்டினால் செமஸ்டர் போய்விடும், ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான் என்றாள். பதிமூன்று நாள் இருந்தது. நான் விரல்விட்டு எண்ணியதை அவளும் பார்த்தாள்.

வராந்தாவில் மகளுடன் படிக்கிற பெண் ஒருத்தி பின்னாலேயே வந்து, பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் சொன்னாள். காலேஜ் பஸ்ஸுக்கு முன்னாடியே டவுன் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிவிடுகிறாள், அவள் அத்தை வீட்டு மாடியில்தான் இருக்கிறாள் என்று.

அந்த அத்தை என் கணவரின் அக்கா. தேரடிக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பகலில் டியூட்டி. படிக்க அமைதியான இடம் வேணும் என்று மருமகள் கேட்டதும் மதினி சாவியைக் கொடுத்திருக்கிறாள். குற்றம் சொல்ல முடியாது. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாடிக் கதவு சாத்தியிருக்கவில்லை. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப், பக்கத்தில் கட்டம் போட்ட நோட்டு, கையில் போன். நான் வந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. லேப்டாப்பில் பச்சை நிற மேசை, அதைச் சுற்றி வட்டவட்டமாகப் பெயர்கள், நடுவில் சீட்டுக்கட்டுச் சீட்டுகள். அவற்றைப் பார்த்ததும் என் தலைக்குள் ஏதோ விசில் சத்தம் கேட்டது. போனைப் பிடுங்கி மொட்டைமாடிப் பக்கம் வீசினேன். சூதாடி என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அவள் அழவில்லை. எழுந்து போய்ப் போனை எடுத்து, கண்ணாடி விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். காசு வைத்து ஆடுகிறாயா என்று கேட்டேன். முன்னால் கொஞ்சம் ஆடினேன், அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள், இப்போது வெறும் பாயின்ட்தான் என்றாள். நான் நம்பவில்லை. இதற்குப் பெயர் போக்கர், இதில் கணக்கு இருக்கிறது, அதைத்தான் படிக்கிறேன் என்றாள். சூதாட்டத்தில் என்ன கணக்கு என்று கத்தினேன். அப்போது அவள் சொன்னதுதான் என்னைப் பதிமூன்று நாளும் ஓடவைத்தது.

"அது என்னன்னே தெரியாம பேசாதீங்கம்மா. தெரிஞ்சிக்கிட்டு வாங்க. பொறவு பேசுவோம்."

வீட்டுக்கு வரமாட்டேன் என்று அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கணவருக்கு ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை, தங்குவதும் அங்கேதான். ஷிப்ட் முடிந்து அவர் போனை எடுக்கும்போது நான் வீடு திரும்பியிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீ மறுபடி போனால் மறுபடி கத்துவாய், அக்கா பார்த்துக்கொள்வாள், கொஞ்ச நாள் விடு என்றார். அவர் சொன்னது சரிதான். கத்தாமல் பேச வேண்டுமென்றால் பேசுவதற்கு என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான். அதை அவள் பிறந்ததிலிருந்தே பார்த்து வருகிறாள்.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டே முடிவு செய்தேன். அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது. பதிமூன்று நாளைக்குள்.

இது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சொன்னால்தான் புரியும். என் அப்பா கிராமத்துக் கிறிஸ்தவச் சபையில் உபதேசியாராக இருந்தவர். எங்கள் வீட்டில் தாயம் உண்டு, கேரம் உண்டு. சீட்டுக்கட்டு மட்டும் வாசற்படி ஏறியதில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் நாலு பேர் சீட்டு எடுத்தால் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விடுவார். நாற்பத்தேழு வயதுவரை ஒரு சீட்டைக் கையால் தொட்டதில்லை நான்.

முதலில் வீடியோ பார்த்தேன். ஒருவன் தமிழில்தான் பேசினான். ஆனால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனான். ஐந்து நிமிடத்தில் மூடிவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பேண்டேஜ் கம்பெனியில். பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். அங்கே தறிகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் ஒருவர் உண்டு. என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் சீட்டுக்கு உட்காருகிற கூட்டத்தில் முதல் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமை காலை அவரை ஓரமாகக் கூப்பிட்டு, போக்கர் தெரியுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பின்னால் யாராவது நின்று சிரிக்கிறார்களா என்று பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எக்கா, நீங்களா? ஒங்க அப்பா இருந்தா என்னைய ஊரை விட்டே அனுப்பிருப்பாகளே."

மகள் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. ரம்மி தெரியும், மூணு சீட்டு தெரியும், போக்கர் போனில் கொஞ்சம் ஆடியிருக்கிறேன், எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான், மத்தியானம் பார்ப்போம் என்றார்.

எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் முக்கால் மணி. பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கவிழ்த்த அட்டைப்பெட்டி ஒன்றின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பந்தயம் வைக்க ஏதாவது வேண்டும். கிரேப் பேண்டேஜ் ரோலோடு இரண்டு சின்ன இரும்பு கிளிப் வைத்து பேக் செய்வோம். பல் வளைந்துபோய்க் கழித்துப்போட்ட கிளிப்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஆளுக்கு ஐம்பது எடுத்துக்கொண்டோம்.

முதல்நாள் பாடம் சீட்டுகளின் பெயர். சிவப்பு இதயம் ஆட்டின், பிறகு டைமன், கிளாவர், இஸ்பேடு. எந்தக் கறுப்பு கிளாவர், எந்தக் கறுப்பு இஸ்பேடு என்று மனதில் ஏறவே அந்த முக்கால் மணி போய்விட்டது. மறுநாள் ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அதற்குக் கை என்று பெயர், அது அவரவருக்கு மட்டும் தெரியும். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு திறப்பார்கள். பிறகு ஒன்று. கடைசியாக இன்னொன்று. கையில் உள்ள இரண்டும் மேசையில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் நல்ல ஐந்தாக யாரிடம் அமைகிறதோ அவருக்கு ஆட்டம். ஒவ்வொரு முறை திறப்பதற்கும் நடுவில் நாம் ஒரு முடிவு சொல்ல வேண்டும்: கூட வருகிறேன், பந்தயத்தை ஏற்றுகிறேன், அல்லது விலகுகிறேன். விலகுவதற்கு வீடியோக்காரன் ஃபோல்ட் என்று சொல்லியிருந்தான். ஃபிட்டருக்கு அது வாயில் வரவில்லை. ரம்மியில் சொல்வது போல ஸ்கூட் என்றார். நானும் அப்படியே பழகினேன்.

வீட்டில் பழக எனக்கு ஒரு கட்டு வேண்டும். ஆனால் கடைச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மதியம் பேக்கிங் அட்டையை வெட்டி ஐம்பத்திரண்டு துண்டு செய்தேன். சிவப்புப் பேனா, கறுப்புப் பேனா. ராஜா, ராணிக்குப் படம் வரையத் தெரியாமல் ரா, ணி என்று எழுதினேன். ஜாக்கிக்கு ஜா. அட்டையின் பின்பக்கமெல்லாம் வெள்ளை, ஒன்றுபோல இருந்தது. அந்தக் கட்டைப் பிரித்து, கலைத்து, நாலு பேராக நானே உட்கார்ந்து நானே ஆடினேன். ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண் மூன்று, ஐந்தும் ஆட்டின் என்பது போல ஒரே கலரில் ஐந்து, வரிசையாக ஐந்து, மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே எண் நான்கு. பரீட்சைக்குப் படிப்பது போல நடந்துகொண்டே மனப்பாடம் செய்தேன்.

இவ்வளவு செய்தும் தினமும் தோற்றேன். தோற்பது என்றால் ஒன்றிரண்டு கிளிப் இல்லை. முக்கால் மணி முடிவதற்குள் ஐம்பதும் ஃபிட்டர் பக்கம் போயிருக்கும். என் பேக்கிங் பெண்கள் கை கழுவிவிட்டு வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். நல்ல சீட்டு வந்தால் அக்காவுக்கு மூக்கு விடைக்கிறது, மோசமான சீட்டு வந்தால் வேதப் பரீட்சையில் கேள்வி தெரியாத பிள்ளை மாதிரி மேலே பார்க்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் என்ற மரியாதை கொஞ்சம் போனதுதான். போகட்டும் என்று விட்டேன்.

இன்னொரு சங்கடம் எனக்கு. சீட்டு ஒன்றுமில்லாதபோது இருப்பது போல ஏற்றுவது இந்த ஆட்டத்தில் உண்டு. அது பொய் இல்லையா என்று கேட்டேன். ஃபிட்டர் சோற்றுத் தூக்கை மூடியபடி யோசித்தார். பேண்டேஜ் அடியில் காயம் எம்புட்டு ஆழம்னு வெளிய தெரியுமாக்கா, அதைப் பொய்ம்பாங்களா என்றார். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. இருந்தாலும் அடுத்த சீட்டை எடுத்தேன்.

ஆறாவது மதியம், அது செவ்வாய்க்கிழமை, அவர் சீட்டுப் போடுவதை நிறுத்தினார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சீட்டுப் போடும்போது மட்டும் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று எண்ணுவார். அன்று ரெண்டோடு நிறுத்திவிட்டுக் கட்டைக் கீழே வைத்தார்.

"எக்கா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. அஞ்சு நாளா ஒரு கையக்கூட நீங்க கீழ வைக்கல. ரெண்டும் அஞ்சும் வந்தாலும் கடைசிவரை வாரீக. ஏன்?"

"வந்த சீட்டை எப்படித் திருப்பிக் குடுக்கது?" என்றேன்.

நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அது எனக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஃபிட்டரும் பார்த்தார். சொன்ன பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரிந்தது.

எங்கள் சபையில் வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். வரிசையாகப் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு அதுதான் நமக்கு. பைபிளுக்குள் வைத்துக்கொள்வோம். பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்துவிட்டு வேறு எடுக்கக் கூடாது. அப்படி ஒரு சட்டம் யாரும் போடவில்லை. ஆனால் எடுத்ததைத் திருப்பி வைத்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒருத்தியைத் தவிர. என் மகளுக்கு ஏழு வயது. அவள் எடுத்த அட்டையில் படம் இல்லை. அவள் தோழியின் அட்டையில் புறா இருந்தது. இவள் தட்டில் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள். நான் எல்லோர் முன்னாலும் அந்தக் கையில் ஒன்று போட்டேன். எடுத்தது எடுத்ததுதான் என்றேன். பழைய அட்டையையே அவள் கையில் திணித்தேன்.

அதே வார்த்தையை இன்னொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். அதுதான் அந்த மதியம் அட்டைப்பெட்டி முன்னால் உட்கார்ந்தபோது ஞாபகத்துக்கு வந்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் அவளுக்கு சிவில் கிடைத்தது. அவள் கேட்டது அது இல்லை. முதல் வருடம் முடியும்போது, இது எனக்கு வரலம்மா, கணக்குப் படிக்க பி.எஸ்சி. சேர்த்துவிடுங்க என்று சமையல்கட்டில் வந்து நின்றாள். நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. எடுத்தது எடுத்ததுதான் என்றேன். அவள் செத்த நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபிட்டருக்கு இதெல்லாம் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு ஒரு கட்டளை போட்டார். இனிமேல் பத்துக் கையில் ஆறு கையாவது முதலிலேயே ஸ்கூட் சொல்ல வேண்டும். கையைக் கீழே வைக்கத் தெரியாதவருக்கு நல்ல கை வரும்போது வைக்க கிளிப் இருக்காது என்றார். சொல்லக் கேட்டால் எளிது. செய்யும்போது ஒவ்வொரு தடவையும் உள்ளே கூசியது. இரண்டு சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது எனக்கு என்றைக்கும் வராத காரியம். ஆனால் ஒன்பதாவது மதியம், வெள்ளிக்கிழமை, மணி அடித்தபோது என்னிடம் முப்பத்தொரு கிளிப் மிச்சம் இருந்தது. பெண்கள் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பையில் என் அட்டைக்கட்டு, ஒரு டப்பா கிளிப். தேரடியில் இறங்கினேன். பால்கோவாக் கடை வாசலில் நின்று இரண்டு வாய் தண்ணீர் குடித்தேன். அவள் கதவைத் திறக்காவிட்டால் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டு நடந்தேன்.

மதினி வீட்டில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்திருக்கிறேனா என்று முகத்தைப் படித்தாள். நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். ஆஸ்பத்திரியில் தினமும் கையாள்கிற கிளிப் எதற்கு இங்கே வந்திருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. மாடிக்குப் போ என்று மட்டும் சொன்னாள்.

மகள் என்னைப் பார்த்ததும் போனை முதுகுக்குப் பின்னால் வைத்தாள். அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அட்டைக்கட்டைக் கலைத்தேன். கலைக்கும்போது இரண்டு சீட்டு நழுவி விழுந்தது. ஆளுக்கு ஐம்பது கிளிப் எண்ணி வைத்தேன். அவள் ஓர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ணி என்று எழுதியிருந்த ராணி அது. வாயோரம் லேசாக அசைந்தது.

"யாரு சொல்லித் தந்தா?"

"எங்க கம்பெனி ஃபிட்டர். உக்காரு."

உட்கார்ந்தாள்.

முதல் மூன்று கையையும் நான் பார்த்துவிட்டுக் கவிழ்த்து ஸ்கூட் சொன்னேன். ஸ்கூட்டா என்று கேட்டாள். எங்கள் கம்பெனியில் அப்படித்தான் என்றேன். நாலாவது கையும் மோசம். எட்டும் மூன்றும். அதையும் கீழே வைத்தேன். அவள் சீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். நீங்க கீழ வைக்கீங்களாம்மா என்று மெதுவாகக் கேட்டாள். நான் அடுத்த கையைப் போட்டேன்.

ஒரு மணி நேரம் ஆடியிருப்போம். அவள் ஆடுகிற விதம் வேறாக இருந்தது. அவசரம் இல்லை. நான் ஏற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முன்பு எப்போதெல்லாம் ஏற்றினேன் என்று நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. என் கிளிப் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு எனக்கு ஒரு கை வந்தது. இஸ்பேடு ஒன்பது, டைமன் எட்டு. நடுவில் மூன்று சீட்டு திறந்தாள்: ஆட்டின் பத்து, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் ஏழு. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி. வரிசை. மூக்கு விடைக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏற்றினேன், அவளும் கூட வந்தாள். அடுத்தது ஆட்டின் நாலு. கடைசியாக இஸ்பேடு இரண்டு. மிச்சம் இருந்த கிளிப்பை எல்லாம் நடுவில் தள்ளினேன். அவளும் வைத்தாள்.

நான் காட்டினேன். அவள் ஆட்டின் ஏஸும் ஆட்டின் ஆறும் காட்டினாள். மேசையில் இருந்த மூன்று ஆட்டினோடு சேர்த்து ஐந்தும் ஒரே கலர். நான் கிளிப்பை வாரப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கலர்தான் பெரிது என்றாள். இல்லை, வரிசைதான் பெரிது, ஃபிட்டர் சொல்லித் தந்திருக்கிறார் என்று நான் அடித்துப் பேசினேன். இரண்டு பேருக்கும் குரல் ஏறியது. கீழேயிருந்து மதினி, என்னட்டி அங்க என்றாள்.

மகள் திடீரென்று சிரித்துவிட்டாள். அந்த அண்ணன் மூணு சீட்டு ஆடுகிறவர், இல்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கட்டம் போட்ட நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றே சீட்டு என்றால் வரிசை அமைவது அபூர்வம், ஒரே கலர் அமைவது அதைவிடச் சுலபம். அதனால் அங்கே வரிசை பெரிது. ஐந்து சீட்டு என்று ஆகும்போது அது தலைகீழாகிவிடும். ஏன் என்று எழுதிக் காட்டினாள். எத்தனை விதமாக ஐந்து சீட்டு எடுக்கலாம், அதில் எத்தனை வரிசை, எத்தனை கலர். பெருக்கினாள், வகுத்தாள், எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் வேறு வழியில், என் அட்டைகளையே பரப்பிவைத்துச் சொன்னாள். பொறுமையாகச் சொன்னாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அப்போது இருந்தது. ஒரு காலத்தில் அது தினமும் இருந்தது. எப்போது போனது என்று யோசித்தேன். சமையல்கட்டு ஞாபகம் வந்தது.

அந்த நோட்டு முழுவதும் அதுதான். நான் சூதாட்டம் என்று நினைத்தது பக்கம் பக்கமாகக் கணக்கு. ஆனாலும் ஒன்பது நாள் வகுப்புக்குப் போகாமல் ஒளிந்திருந்தது சரியாகிவிடாது. அதை அவளும் சொன்னாள். ஆட்டத்தில் உட்கார்ந்தால் சிவில் ஞாபகம் வராது, அதனால்தான் எழுந்திருக்கவே முடியவில்லை என்றாள். அதைக் கேட்டபோது பயம் எனக்குக் குறையவில்லை, கூடியது. ஆனால் இந்தத் தடவை எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"திங்கக்கிழமை பஸ் வரும். இந்த செமஸ்டர் மட்டும் எழுது. அதுக்குப் பொறவும் வேண்டாம்னா கீழ வச்சிரு. அப்பாகிட்ட நான் பேசுதேன். அன்னைக்கு நீ கேட்டப்ப நான் காதுலயே வாங்கல, அது என் தப்பு."

அவள் நோட்டை மூடினாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இன்னொரு கை கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அட்டைக்கட்டையும் கிளிப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு தடவைகூடப் போன் பண்ணவில்லை. கணவரிடம் மட்டும் பேசினேன். இரண்டு வருடப் படிப்பை விட்டுவிடுவதா என்று கேட்டார். விடச் சொல்லவில்லை, விடலாம் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். ஊருக்கு வந்து பேசுவோம் என்றார்.

திங்கள் காலை ஏழு பத்துக்குத் தெருமுனையில் நின்றேன். பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் ஏறினால் ஏறட்டும். ஏறினாளா என்று எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் விசித்திரமாகப் பார்த்துவிட்டு கியர் போட்டார். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டுவது வழக்கம். மதியம் திறக்கலாம். நான் திறக்கவில்லை. ஃபிட்டர் சீட்டுக்கட்டோடு வந்தார். அன்று ஆடிய பத்துக் கையில் ஏழு கையைக் கீழே வைத்தேன்.

மாலை ஐந்தே காலுக்கு மறுபடி தெருமுனை. வேலையிலிருந்து நேராக வந்து நின்றேன். பூக்காரம்மா, யாருக்கு நிக்கீக என்று கேட்டாள். பஸ்ஸுக்கு என்றேன். வெயில் தாழ்ந்து மேற்கு மலைப் பக்கம் போயிருந்தது. பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். பிரேக் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். பிறகு பையில் கிளிப் டப்பா குலுங்குகிற சத்தம்.

என் மகள் எதிரில் நின்றாள். சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"இந்த செமஸ்டர் மட்டுந்தாம்மா. அதுக்குப் பொறவு ஸ்கூட்."